மற்றவர் கண்ணில் நான்

மார்ச் 3

பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தரின் ‘இருத்தலும் இன்மையும்’ (1943). ஒருவன் பொறாமையில் சாவித் துவாரத்தின் வழியே உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறான். தன்னைப் பற்றிய நினைப்பே அவனுக்கு இல்லை. கண், காது எல்லாம் அந்த அறைக்குள். பின்னால் காலடிச் சத்தம். உடம்பு கூசிப்போகிறது. திருட்டுத்தனமாக எட்டிப் பார்க்கிறவன் என்று தன்னை அவன் அறிவது அந்த நொடியில்தான். வந்தது யாருமில்லை, வெறும் பிரமை என்றாலும் அந்தக் கூச்சம் பொய்யில்லை. தனியாக உட்கார்ந்து எவ்வளவு யோசித்திருந்தாலும் இது அவனுக்குக் கிடைத்திருக்காது.

மார்ச் 5

‘நரகம் என்றால் மற்றவர்கள்தான்.’ எரிச்சல் வரும்போதெல்லாம் எல்லோரும் எடுத்துவிடுகிற வரி. 1944இல் மேடையேறிய சார்த்தரின் ‘மீள முடியுமா?’ நாடகத்தில் வருவது. செத்துப்போன மூன்று பேர் ஒரே அறையில் அடைபட்டுக் கிடக்கிறார்கள், அதுதான் நரகம். அந்த அறையில் கண்ணாடியே கிடையாது. உதட்டுச் சாயம் பூச வேண்டிய எஸ்தெல்லுக்கு, நானே உன் கண்ணாடி என்று முன்வருகிறாள் இனெஸ். அப்புறம் முகத்தில் பரு இருப்பதாகச் சொல்லி அவளைப் பதறவைக்கிறாள். பருவும் இல்லை, ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல் நம்புகிறோமே, அங்கேதான் வலிக்கிறது. அந்த வரியைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று 1965இல் சார்த்தரே சொன்னார்: உறவு கோணலாகிப் போனால்தான் நரகம், நம்மை நாமே எடைபோடுவதுகூட மற்றவர்கள் கொடுத்த அளவுகோலை வைத்துத்தான்.

மார்ச் 6

படிக்கவில்லை.

மார்ச் 9

சார்த்தர் மேல் ஒரு குறை. ஏன் எப்போதும் மாட்டிக்கொள்கிற கதை? இன்னொரு பிரெஞ்சுத் தத்துவவாதி மெர்லோ-பாந்தி, 1945இல் வந்த தன் நூலில், உரையாடலில் இருந்து தொடங்குகிறார். எதிரே இருப்பவரின் மறுப்பு, என்னிடம் இருப்பதே எனக்குத் தெரியாத எண்ணங்களை வெளியே இழுத்துவிடுகிறது என்கிறார். நேற்று நடந்ததும் அதுதான். ஒரு வேலை வேண்டவே வேண்டாம் என்று நண்பனிடம் அடுக்கிக்கொண்டே போனேன். “வேண்டாம்னா எதுக்கு இவ்வளவு விவரம் விசாரிச்சு வச்சிருக்கே?” என்றான். “பயமா இருக்குடா” என்று வாயிலிருந்து வந்தது. சொல்லி முடிக்கும்வரை அது எனக்கே தெரியாது. அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை.

மார்ச் 12

ஃபனோன், கறுப்பினச் சிந்தனையாளர், 1952இல் வந்த தன் நூலில் வேறு பக்கத்திலிருந்து வருகிறார். ஒரு வெள்ளைக் குழந்தை அவரைக் காட்டி, பயமாயிருக்கிறது என்று அம்மாவிடம் கத்துகிறது. சாவித் துவாரத்தில் எட்டிப் பார்த்தவனாவது ஏதோ செய்து மாட்டினான். இவர் என்ன செய்தார்? சும்மா இருந்தார். கறுப்பர்களைப் பற்றி ஊர் கட்டிவைத்த கதைகள் எல்லாம் அந்தப் பார்வையோடு அவர் தலையில் வந்து இறங்குகின்றன. இதைச் சுய அறிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெண்ணை ‘மற்றவளாக’ ஆக்கிவைப்பது பற்றி பிரெஞ்சுப் பெண்ணியச் சிந்தனையாளர் சிமோன் தெ போவ்வார் 1949லேயே எழுதிவிட்டார். ‘இரண்டாம் பாலினம்’, அடுத்து அதைத்தான் எடுக்க வேண்டும்.