ஏழு பேர் வீட்டுக்கு ஹைபிரிட் வண்டி: டி.எச். ரோட்டில் ஓட்டிப் பார்த்து எழுதுவது

பெட்ரோல் இன்ஜினோடு மின்சார மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் வண்டி வாங்கினால் பெட்ரோல் காசு மிச்சம் என்று சொல்லித்தான் எல்லோரும் விற்கிறார்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். காசுக்காக என்றால் வேண்டாம். ஆனால் வட சென்னையில், தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் தினமும் வண்டி எடுக்கிற பெரிய குடும்பத்துக்கு இது நல்ல வண்டி, அதற்குக் காரணம் வேறு.

மூன்று வரிசை சீட், கூடவே ஸ்ட்ராங் ஹைபிரிட் (மோட்டார் மட்டுமே கொஞ்ச தூரம் வண்டியை ஓட்டுகிற வகை) என்று தேடினால் நம் ஷோரூம்களில் அதிகம் கிடையாது. டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ், அதே வண்டியை மாருதி தன் பெயரில் விற்கும் இன்விக்டோ, இதற்கு மேலே போனால் கோடியைத் தாண்டுகிற வெல்ஃபயர். எங்களுக்கு ஹைகிராஸ்தான் தோதுப்பட்டது. 2022 கடைசியில் வந்த வண்டி. 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து 186 பிஎஸ் (குதிரைத்திறன்) சக்தி. "எங்க சார்ஜ் போடுவீங்க?" என்று தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், பிளக்கே கிடையாது. பிரேக் பிடிக்கும்போதும் இன்ஜின் ஓடும்போதும் பேட்டரி தானாக ஏறிக்கொள்ளும்.

கணக்குக்கு வருகிறேன். சோதனைக்கூடத்தில் அளந்த மைலேஜ் சாதா பெட்ரோல் ஹைகிராஸுக்கு லிட்டருக்கு 16.13 கிலோமீட்டர், ஹைபிரிட்டுக்கு 23.24. நம் ரோட்டில் அதெல்லாம் வராது, அதனால் நெரிசலில் 10, 16 என்று வைத்துக்கொண்டேன். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் 37 லிட்டர் மிச்சம், லிட்டர் 100 ரூபாய் என்றால் வருஷத்துக்கு ஏறக்குறைய 45,000 ரூபாய். இரண்டுக்கும் ஷோரூம் விலை வித்தியாசமே ஐந்து லட்சத்துக்கு மேல் (ஹைபிரிட்டில் மற்ற வசதிகளும் கூடுதல் என்பது வேறு), ஆக அந்தப் பணம் திரும்பி வரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். தமிழ்நாட்டில் 20 லட்சத்தைத் தாண்டிய பெட்ரோல், டீசல் கார்களுக்குச் சாலை வரியே 20 சதவீதம், ஹைபிரிட் ஆயிற்றே என்று இங்கே குறைக்க மாட்டார்கள். உத்தரப் பிரதேசத்தில் 2024இல் ஹைபிரிட்டுக்குப் பதிவு வரியை விலக்கினார்கள், அந்த மாதிரி இங்கேயும் வந்தால் கணக்கே மாறிவிடும்.

சரி, அப்புறம் எதற்கு இது?

மே மாதம் மத்தியானம், எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக கேட்டுக்குக் கண்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும்போது நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். வண்டி நகராது, இன்ஜினை நிறுத்தினால் ஏசி போய்விடும், ஓடவிட்டால் நின்ற இடத்திலேயே பெட்ரோல் கரையும். பின்னால் வயதானவர்களும் குழந்தைகளும். ஹைபிரிட்டில் ஏசி கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுகிறது, இன்ஜினோடு அதற்குப் பெல்ட் தொடர்பு இல்லை. வண்டி நின்றதும் இன்ஜின் அடங்கிவிடுகிறது, குளிர் மட்டும் அப்படியே வந்துகொண்டிருக்கிறது. பேட்டரி இறங்கும்போது இன்ஜின் கொஞ்ச நேரம் லேசாக உறுமிவிட்டு மறுபடியும் அடங்குகிறது. பத்தடி நகர்ந்து நிற்பது, மறுபடி பத்தடி என்பதெல்லாம் மோட்டாரிலேயே நடந்துவிடுகிறது, கிளட்ச் மிதித்து மிதித்து இடது முட்டி வலிக்கிற வேலையே இல்லை. எனக்கு இந்த நிம்மதிக்குத்தான் ஐந்து லட்சம். நெடுஞ்சாலையிலேயே ஓடுகிறவர்களுக்கு இதில் பாதிகூடக் கிடைக்காது, அவர்கள் டொயோட்டாவின் டீசல் இன்னோவா கிரிஸ்டாவைப் பார்க்கலாம்.

டெஸ்ட் டிரைவ் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஷோரூமில் அகலமான, குழியில்லாத ஒரு ரோட்டைக் கையில் வைத்திருப்பார்கள், அதில் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். நாங்கள் குடும்பத்தோடு ஏறி, வண்ணாரப்பேட்டை பக்கம் போய், டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) திரும்பி, மூலக்கடை மேம்பாலம் ஏற வேண்டும் என்று கேட்டோம். தயங்கினாலும் கொடுத்தார்கள். ஏழு பேரோடு மேம்பாலத்தில் அழுத்தும்போது இன்ஜின் சத்தம் ஒரேயடியாக மேலே போய் அங்கேயே நிற்கிறது. கியர் மாறுகிற உணர்வு இருக்காது, சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) மாதிரிப் பழக வேண்டும். சக்தியில் குறையில்லை. அகலம் 1,850 மில்லிமீட்டர், அதாவது ஆறு அடிக்கு மேல், நீளம் பதினைந்தரை அடி. இரண்டு பக்கமும் டூவீலர் நிற்கிற சந்தில் கண்ணாடியை மடித்துக்கொண்டுதான் போனேன். உங்கள் தெருவை டேப் வைத்து அளந்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள்.

அம்மாவுக்கு முட்டி வலி. லேடர் ஃபிரேம் வண்டிகளில் (தனி இரும்புச் சட்டத்தின் மேல் உடம்பை ஏற்றிக் கட்டியவை) கைப்பிடியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறுவார். ஹைகிராஸ் முன்சக்கர டிரைவ், கார் மாதிரி ஒரே உடம்பாகக் கட்டிய வண்டி என்பதால் தரை தாழ்வாக இருக்கிறது. புடவை தடுக்காமல் ஏறி உட்கார்ந்து, "இதுல கால் எட்டுதுடா" என்றார். எனக்கு அங்கேயே பாதி முடிவாகிவிட்டது.

மூன்றாவது வரிசையை விற்கிறவர் வார்த்தையில் நம்பக் கூடாது. உங்கள் வீட்டிலேயே உயரமான ஆளை அங்கே உட்கார வைத்து, நடு சீட்டில் இருப்பவரைச் சாய்த்து உட்காரச் சொல்லி, அதே நிலையில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். என் தம்பிக்குத் தொடை சீட்டில் படியவில்லை, ஊருக்குப் போகிற தூரத்துக்கு அவனால் ஆகாது, பிள்ளைகளுக்குத் தாராளம். மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் டிக்கி 300 லிட்டர்தான். குலதெய்வம் கோயிலுக்குப் பானை, அரிசி, ஆளுக்கொரு பை என்று கிளம்புகிற குடும்பம் என்றால் மேலே கேரியர் போட வேண்டி வரும்.

ராயபுரத்தில் எங்கள் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் அண்ணன் ஒளிக்காமல் சொன்னார்: "டீசல்னா நான் பிரிச்சு மாட்டிடுவேன் தம்பி, இதுல ஆரஞ்சு ஒயரப் பாத்தாலே கைய எடுத்துடுவேன்." ஆரஞ்சு நிறம் உயர் மின்னழுத்தக் கம்பி, அவர் சொல்வதுதான் சரி. பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி உண்டு, ஆனால் அதைக் காப்பாற்ற கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தவிர வேறு வழியில்லை. செலவை அதற்கேற்ப யோசித்துக்கொள்ளுங்கள்.

மழைதான் எனக்கு இன்னும் கவலை. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்புகிற நாளில் எந்த வண்டியையும் இறக்கக் கூடாது, தரை இடைவெளி 185 மில்லிமீட்டர் இருக்கிறதே என்று தைரியம் கொள்ளவும் கூடாது. தெருவில் நிறுத்துகிறவர்களுக்கு வீட்டு வாசலுக்கே தண்ணீர் வந்துவிடும். அதனால் இன்ஷூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பு கவர் சேர்த்து எடுக்கும்போது, தண்ணீர் புகுந்தால் ஹைபிரிட் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் அது பொருந்துமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் எட்டு சீட் மாடலை முடிவு செய்திருக்கிறோம். இன்ஷூரன்ஸ்காரரின் பதில் கைக்கு வந்த பிறகுதான் முன்பணம் கட்டப் போகிறோம்.