கொடை வில்லுப்பாட்டை மாஸ்டரிங் செய்து பார்த்தது: −14, −11, −8

மாஸ்டரிங் என்பது மிக்சிங் முடிந்த பாட்டை வெளியிடும் முன் மொத்தச் சத்தத்தைச் சரிசெய்யும் கடைசி வேலை. தலைப்பில் உள்ளவை அதில் வைத்துப் பார்த்த மூன்று சத்த அளவுகள். எடுத்துக்கொண்டது, திருநெல்வேலிப் பக்கம் ஒரு சுடலைமாடன் கோயில் கொடையில் பதிவான வில்லுப்பாட்டு. மிக்சிங் முடிந்த ஸ்டீரியோ ஃபைல், 24 பிட். சத்தம் அளக்கும் யூலீன் மீட்டரில் சராசரி −21 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு; சுழியை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்), ட்ரூ பீக் (ஒலியலையின் உண்மையான உச்சம்) −4 டிபி. அந்த பீக் எல்லாமே குடம். புலவர் குரல் அதற்கு வெகு கீழே.

முதலில் கம்ப்ரஸர், அதாவது சத்தமான இடங்களை அமுக்குவது; விகிதம் 2:1. அட்டாக் (அமுக்கத் தொடங்கும் வேகம்) 3 மில்லிசெகண்டில் வைத்தால் குடத்தின் வாயில் மட்டை விழும் அந்த முதல் 'டப்' போய்விடுகிறது; பின்னால் வரும் கும்மென்ற ஓசை மட்டும் மிஞ்சுகிறது. 30-க்கு ஏற்றினால் அடி முழுசாக வருகிறது. ரிலீஸ் (அமுக்கியதை விடும் நேரம்) 150. கெய்ன் ரிடக்‌ஷன், அதாவது அமுக்கும் அளவு, 2 டிபியைத் தாண்ட விடவில்லை.

இதிலும் ஒரு கோளாறு. குடம் விழும்போதெல்லாம் வில்லில் கட்டிய மணியோசையும் சேர்ந்து அமுங்கி, பிறகு மேலே எழும்பி வருகிறது. துரிதமான இடங்களில் பாட்டே மூச்சு வாங்குவதுபோல் இருக்கிறது. காரணம், கம்ப்ரஸர் குடத்தின் அடித்தொனியைப் பார்த்து மொத்தத்தையும் இறக்குகிறது. சைட்செயினில், அதாவது கம்ப்ரஸர் பார்த்து முடிவெடுக்கும் ஒலியில், 120 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ் (அதற்குக் கீழுள்ள தொனிகளை வெட்டும் வடிகட்டி) போட்டதும் மணி நிலைத்து நின்றது.

அடுத்து லிமிட்டர், அதாவது வரம்பைத் தாண்டும் பீக்கை வெட்டுவது; உச்சவரம்பு −1 டிபி. சத்தம் −14-க்கு வர 7 டிபி ஏற்ற வேண்டும். குடத்தின் தலையில் ஏறக்குறைய 4 டிபி வெட்டு. −11-க்கு வெட்டு 7, −8-க்கு 10. −14-இல் வெட்டு காதுக்குத் தெரியவில்லை. −11-இல் உடுக்கையும் குடமும் ஒரே உயரத்துக்கு வந்துவிடுகின்றன. −8 கேட்கச் சகிக்கவில்லை. குடத்தின் அடித்தொனி 90 ஹெர்ட்ஸ் வாக்கில், ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். ரிலீஸ் அதைவிட வேகமாக இருந்தால் ஒரு சுற்றுக்குள்ளேயே கெய்ன் ஏறி இறங்கி, குடம் கரகரக்கிறது. ரிலீஸை நீட்டினால் கரகரப்பு குறையும், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் பிறகு குரல் பள்ளத்தில் விழும். போதாததற்கு, புலவர் கதையை நிறுத்தும் இடைவெளிகளில் ஜெனரேட்டர் இரைச்சலும் 13 டிபி மேலே வந்து நிற்கிறது.

மூன்றையும் அப்படியே மாற்றி மாற்றிக் கேட்டால் −8 தான் நன்றாக இருப்பதாகக் காது சொல்லும். சத்தம் கூடியது எதுவும் முதலில் அப்படித்தான். −8-ஐ 6 டிபியும் −11-ஐ 3 டிபியும் இறக்கிச் சமப்படுத்திய பிறகே ஒப்பிட வேண்டும். இறக்கியதும் −8-இன் குடத்து பீக் −7 டிபியைத் தாண்டவில்லை. −14-இல் அதே குடம் −1 வரை போகிறது. குரல் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்று. யூடியூப், ஸ்பாட்டிஃபை இரண்டும் பொதுவாக −14-க்குமேல் உள்ளதை இறக்கித்தான் ஒலிபரப்புகின்றன. ஆகவே அங்கே −8 ஏற்றுபவருக்கு மிஞ்சுவது தட்டையான குடம் மட்டும்.

−1 டிபி இடைவெளியைக் குறைக்க வேண்டாம். எம்பி3, ஏஏசி ஆக்கும்போது பீக் தாண்டும்.

ஊர்க் குழாய் ரேடியோவில் போடுவதற்குத் தனிப் பிரதிதான் சரி. மோனோ, 250 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ், −11. கூம்பு எப்படியும் தராத அடித்தொனியை முன்பே எடுத்துவிட்டால் லிமிட்டருக்கு வேலை குறைகிறது. கூட்ட இரைச்சலுக்கு மேலே குரலும் ஏறி நிற்கிறது.