நீலகிரி நெட்டைக்காலி: விலாவைப் பார்த்துவிட்டுப் பெயர் சொல்லுங்கள்

நீலகிரி மலையில் ஊட்டிக்கு அப்பால் இருக்கும் அவலாஞ்சிக்கு மேலே, புல்லுக்குள்ளிருந்து பழுப்பாக ஒன்று எழும்பினால் 'சிட்டுக்குருவி' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அலகைப் பாருங்கள். சிட்டுக்கு விதை உடைக்கும் தடித்த அலகு. இதற்குப் பூச்சி பொறுக்கும் மெல்லிய அலகு. சிட்டு தத்தும், இது கால் மாற்றி வைத்து நடக்கும். ஆக, நெட்டைக்காலி (pipit) என்ற புல்வெளிப் பறவைதான். எந்த நெட்டைக்காலி என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

குழப்புவது முதலில் வயல் நெட்டைக்காலி. அது நீண்ட காலில் நிமிர்ந்து நிற்கும். மார்பில் மட்டும் மெல்லிய கீற்றுகள், விலா வெறுமையாக இருக்கும். சுமார் 17 செ.மீ. நீளமுள்ள நீலகிரி நெட்டைக்காலிக்கு அடிப்பக்கம் வெளிர்மஞ்சள் கலந்த பழுப்பு. மார்புக் கீற்றுகள் அங்கேயே நிற்காமல் விலா வரை இறங்கும். முதுகிலும் கரும்வரிகள் அழுத்தமாக இருக்கும். சில நேரம் சிறகு விலாவை மறைத்துவிடும், நேர் எதிரே எடுத்த படமும் ஏமாற்றும். பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும்.

குளிர்காலத்தில் வலசை வரும் மர நெட்டைக்காலிகள் இன்னொரு தொல்லை. விரட்டினால் மரத்துக்குப் பறக்கும் என்பதை மட்டும் அடையாளமாகக் கொள்ளக் கூடாது; நம் பறவையும் பக்கத்துப் புதருக்கோ குட்டை மரத்துக்கோ போய் உட்காரும். சோலை (மலை மடிப்புகளில் இருக்கும் அடர்காடு) ஓரத்து நிழலில், கண்ணுக்குமேல் பளிச்சென்ற வெள்ளைப் புருவத்தோடும் பச்சை சாயல் முதுகோடும் வாலை ஆட்டிக்கொண்டிருப்பது விருந்தாளி.

நீலகிரி, ஆனைமலை, பழனிமலை உச்சிப் புல்வெளிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது. 2,000 மீட்டருக்கு மேல்தான் நன்றாகத் தென்படும், அதிலும் ஈரம் தங்கும் பள்ளங்களில். சீகை (வாட்டில்) மரமும் தைலமரமும் ஏறிவிட்ட சரிவில் தேடுவது வீண்.

அவலாஞ்சியில் வனத்துறை வண்டியில்தான் உள்ளே போக முடியும், இஷ்டத்துக்கு இறங்கி நடக்க விடமாட்டார்கள். நிதானமாகப் பார்க்க, கேரளத்தில் மூணாறு அருகே உள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலைதான் என் தேர்வு: தார்ச்சாலையில் நின்றபடியே புல்வெளி கண்ணுக்கு எட்டும். வரையாடு குட்டி போடும் பருவத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில், பூங்காவை மூடிவிடுவார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. லென்ஸ்) பைனாகுலர் போதும். லென்ஸ் துடைக்க உலர்ந்த துணி இரண்டு வேண்டும், மூடுபனி ஒன்றை நனைத்துவிடும்.

ஏப்ரல் முதல் ஜூலை வரை பாதையை விட்டு இறங்காதீர்கள். கூடு புல்தூரின் அடியிலேயே இருக்கும். மிதித்த பிறகுதான் தெரியும்.