துறை மாறினேன்: ஒரு வருடம் போகுமா போகாதா என்பதை ஒரே ஒரு பாடம்தான் முடிவு செய்தது

இரண்டாம் ஆண்டு முடியும் தறுவாயில் இயந்திரப் பொறியியலிலிருந்து புள்ளியியலுக்கு மாறினேன். பல்கலைக்கழகம் அதேதான். மாற நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஒரு வருஷம் வீணாகுமா?" என்பதுதான்.

எல்லோரும் எத்தனை கிரெடிட் ஏற்பார்கள் என்றே கணக்குப் போடுவார்கள். எனக்கு நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிரலாக்கம் மூன்றையும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். வெப்ப இயக்கவியல் விருப்பப்பாடக் கணக்கில் போனது. பட்டறைப் பயிற்சி எதிலும் சேரவில்லை. அது எனக்குப் பெரிதாகத் தெரியவும் இல்லை. என் கவலையெல்லாம் நிகழ்தகவுக் கோட்பாடு மேல்தான். அதை முடித்தால்தான் புள்ளியியல் அனுமானம் எடுக்க முடியும், அதை முடித்தால்தான் ரெக்ரஷன். போதாக்குறைக்கு அந்தப் பாடம் வருடத்துக்கு ஒரு செமஸ்டரில் மட்டும்தான் நடக்கும். அது ஏற்கப்படாவிட்டால், மற்றதெல்லாம் ஏற்கப்பட்டும் ஒரு வருடம் தள்ளிப்போகும். ஆகவே புதிய துறையில் எந்தப் பாடத்துக்கு எது முன்தேவை என்பதை முதலில் வரைந்து பாருங்கள்.

நிகழ்தகவை நான் ஏற்கெனவே படித்திருந்தேன். ஆனால் மதிப்பெண் பட்டியலில் அந்தத் தாளின் பெயர் வெறும் 'கணிதம் 3'. பெயரைப் பார்த்து யாருக்கு என்ன புரியும்? நான் படித்த ஆண்டின் பாடத்திட்டத்தையும் தேர்வு வினாத்தாளையும் தேடி எடுத்தேன். புள்ளியியல் துறையின் நிகழ்தகவுப் பாடத் தலைப்புகளை இடப்பக்கம் எழுதி, ஒவ்வொன்றும் என் தாளில் எந்த அலகில் வந்தது என்று வலப்பக்கம் எழுதினேன். பேயீஸ் தேற்றம் இருந்தது, மைய எல்லைத் தேற்றம் இருந்தது. இணைந்த பரவல்களுக்கு எதிரே மட்டும் காலி. துறைத் தலைவர் நேராக அந்தக் கட்டத்தில்தான் விரலை வைத்தார். "லீவில் இதைப் படிச்சிட்டு வந்து ஒரு தேர்வு எழுதுங்க, ஏத்துக்கிறோம்" என்றார். எழுதினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

ஏன் மாறுகிறேன் என்ற கடிதத்துக்கு இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கவில்லை. பழைய துறை பிடிக்கவில்லை என்பதை ஒரு வரியோடு நிறுத்திவிட்டு, புதிய துறையில் என்னென்ன பாடங்கள் வரும், அவற்றில் எதற்கு நான் தயார் என்று எழுதினேன். அதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன்.

வேறு பல்கலைக்கழகத்துக்கே போகிறவர்கள் கிரெடிட் எண்ணை நேரடியாக ஒப்பிட வேண்டாம். ஐரோப்பிய முறையில் ஒரு முழு ஆண்டுக்கு 60, அமெரிக்காவில் பெரும்பாலும் 30.

அப்புறம், உதவித்தொகை. பல உதவித்தொகைகள் குறிப்பிட்ட துறைக்கோ, இத்தனை ஆண்டுகள் என்றோ கட்டுப்பட்டவை. மாறினாலும் தொடருமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பதிலும், எந்தெந்தப் பாடங்கள் ஏற்கப்பட்டன என்ற உத்தரவும் கையில் வரும்வரை பழைய துறையிலிருந்து விலகும் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வாய்மொழியாக "பார்த்துக்கலாம்" என்று சொன்னவரே அடுத்த செமஸ்டரில் அந்தப் பொறுப்பில் இல்லாமல் போகலாம்.