டர்பனில் லைசென்ஸ் எடுத்த கதை

வேலை மாற்றலில் தென்னாப்பிரிக்கா வந்தபோது கணவரிடம் இந்திய லைசென்ஸ் இருந்தது. என்னிடம் எதுவும் இல்லை. ஊரில் பஸ், ஆட்டோ என்று காலம் ஓடிவிட்டது. டர்பனில் அது நடக்காது. மினிபஸ் டாக்ஸிகள் நிறைய ஓடும், ஆனால் எந்தத் தடத்துக்கு எந்த விரலைக் காட்டி நிறுத்த வேண்டும் என்பது தெரிந்தவர்களுக்குத்தான் அது வசதி. பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டுமென்றால் கார்தான். அதனால் அடியிலிருந்து தொடங்கினேன்.

அந்த நாட்டு அடையாள அட்டை இல்லாத நம்மைப் போன்றவர்கள் முதலில் டிராஃபிக் ரெஜிஸ்டர் நம்பர் வாங்க வேண்டும். அது இல்லாமல் அவர்கள் கணினியில் நம் பெயரே ஏறாது. பாஸ்போர்ட், விசா, போட்டோ எல்லாம் கையில் இருந்தன. முகவரிச் சான்றுதான் இழுத்தது, கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில் வருகிறதே! அவரே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, நாங்கள் அங்கே குடியிருக்கிறோம் என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அங்கேயே நகல்களுக்கும் சீல் வைத்துக் கொடுக்கிறார்கள், காசு கிடையாது. புதிதாக வருபவர்கள் வீடு பிடித்த கையோடு இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

அடுத்தது எல்.எல்.ஆர். கண் பரிசோதனை, கைரேகை, பிறகு எழுத்துத் தேர்வு. சாலை விதி, சாலைக் குறியீடு, வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவிகள் என்று மூன்று பகுதி. ஒன்றில் கோட்டை விட்டாலும் மொத்தமும் போச்சு. கருவிகள் பகுதியில் எட்டே கேள்விகள்தான், ஆறு சரியாக இருக்க வேண்டும். ஸ்டீயரிங், பெடல், கியர் எல்லாவற்றுக்கும் எண் போட்ட படம் ஒன்றைக் கொடுத்து, இன்ன வேலைக்கு எது எது வேண்டும் என்று கேட்பார்கள். எளிது என்று நினைத்துப் படிக்காமல் வருபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். தேறினால் இரண்டு வருடம் செல்லுபடியாகும். பின்னால் சிவப்பு எல், பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர். அப்படித்தான் ஓட்டிப் பழக வேண்டும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த அங்கிள், டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பகுதிக்காரர். கரும்புத் தோட்டத்துக்கு மதராஸிலிருந்து கப்பலேறிய குடும்பம். தமிழ் பேச வராது, ஆனால் "வணக்கம்மா" என்றுதான் பாடத்தைத் தொடங்குவார். அங்கிள் முதல் நாளே சொன்னது: "உனக்கு ஓட்டத் தெரிகிறதா என்று அவர்கள் பார்க்கப் போவதில்லை. நீ சுற்றிலும் பார்க்கிறாயா என்றுதான் பார்ப்பார்கள்."

தென்னாப்பிரிக்காவின் ஓட்டுநர் தேர்வு முறைக்கு கே53 என்று பெயர். எட்டு போடச் சொல்ல மாட்டார்கள், ஆனால் மைதானத்தில் பிழிந்தெடுத்துவிடுவார்கள். வண்டியைத் தொடுவதற்கு முன்பே தேர்வு தொடங்கிவிடும். சுற்றி வந்து டயர், விளக்கு, வைப்பர், அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே ஏறினால் கதவு, சீட், ஹேண்ட்பிரேக், நியூட்ரல், கண்ணாடிகள், பெல்ட். நகரும் முன் கண்ணாடியில் தெரியாத பக்கத்தைத் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க வேண்டும். கண் மட்டும் ஓடினால் போதாது, தலை திரும்புவது தேர்வாளருக்குத் தெரிய வேண்டும். ஓடும்போதும் சில நொடிகளுக்கொரு முறை கண்ணாடி பார்க்க வேண்டும். இதெல்லாம் வெறும் சடங்கு என்று பலர் சலித்துக்கொள்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆண்டுக்குச் சுமார் 12,000 பேரைச் சாலையில் பறிகொடுக்கும் நாடு அது. அந்தக் கழுத்துத் திருப்பலில்தான் ஒரு சைக்கிள்காரர் கண்ணில் படுகிறார்.

மைதானத்தில் பலரைக் கவிழ்ப்பது மேடு. சரிவில் நிறுத்தி, மறுபடி கிளப்ப வேண்டும். ஒரு சாண் பின்னால் உருண்டாலும் அந்த இடத்திலேயே ஃபெயில். அங்கிள் ரேடியோவை அணைத்துவிட்டு இன்ஜினைக் கேட்கச் சொல்வார். ஹேண்ட்பிரேக் போட்டபடி லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, கிளட்சை மெல்ல விட்டுக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் சத்தம் கம்மும், பானெட் முனை கொஞ்சம் தூக்கும். பாதத்தை அங்கேயே நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை விட்டால் வண்டி அசையாமல் நிற்கும். டர்பன் மேடும் பள்ளமுமான ஊர் என்பதால் பழகத் தெருவுக்குப் பஞ்சமில்லை. ஆட்டோமேட்டிக்கில் தேர்வு கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் லைசென்ஸும் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும்தான். நான் கியர் வண்டியிலேயே கொடுத்தேன்.

கம்பங்களுக்கு நடுவே இடப்பக்கமிருந்தும் வலப்பக்கமிருந்தும் ரிவர்ஸில் நுழைப்பது, ஓரமாக இணையாக நிறுத்துவது இரண்டும் பழகப் பழக வந்துவிடும். கம்பத்தில் உரசக் கூடாது, அவ்வளவுதான். சாலைத் தேர்வில் எனக்குப் பிடித்தது நான்கு பக்கமும் ஸ்டாப் பலகை உள்ள சந்திப்பு. யார் முதலில் வந்து நின்றாரோ அவர் முதலில் போவார். ஹாரனே கேட்காது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தேர்வுக்கு முந்தின வாரம் தெரிந்தவர் ஒருவர், கொஞ்சம் தள்ளினால் மைதானத்தில் கண்டுகொள்ள மாட்டார்கள் என்றார். நாங்கள் மறுத்துவிட்டோம். பிள்ளையைப் பின் சீட்டில் உட்காரவைத்து ஓட்டப் போகிறவள் நான். எனக்கு ஓட்ட வருகிறதா என்பது எனக்கே தெரிந்தாக வேண்டும்.

தேறியதும் அட்டை உடனே வராது. நாடு முழுவதற்கும் அட்டை அச்சடிக்க ஒரே ஒரு இயந்திரம்தான். 2025 பிப்ரவரியில் அது பழுதாகி மே மாதம்தான் மறுபடி ஓடியது, அதற்குள் பல லட்சம் அட்டைகள் தேங்கிவிட்டன. அதனால் தேறிய அன்றே தற்காலிக லைசென்ஸுக்கும் பணம் கட்டிவிடுங்கள். அட்டையை நேரில் போய்த்தான் வாங்க வேண்டும். வாங்கியதும் பெயர், பிறந்த தேதி, பி என்ற வகை (கார் ஓட்டுவதற்கானது) எல்லாம் சரிதானா என்று கவுன்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். ஐந்து வருடம் செல்லும். காலாவதிக்கு நான்கு வாரம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிட வேண்டும்.