பதினாறாம் நாளுக்குள்: தர்மபுரி நினைவு வீடியோ நாட்குறிப்பு

ஜூலை 3, 2025, வியாழன்

கல்யாண வீடியோவுக்கு மாதக்கணக்கில் தவணை கேட்கலாம். இறந்தவரின் படங்களைத் தொகுத்துக் காரியத்தன்று பந்தலில் ஓட்டும் நினைவு வீடியோவுக்கு அது கிடையாது. மூன்றாம் நாள் பால் தெளிப்பு முடிவதற்குள் போய்ப் படம் கேட்பது தகாது. காரியம் குலவழக்கப்படி 11, 13 அல்லது 16-ஆம் நாள். ஆக, கையில் இருப்பது ஒரு வாரம், மிஞ்சினால் பன்னிரண்டு நாள். அதில் பாதி படம் சேர்க்கவே போய்விடும்: ஒன்று பென்னாகரத்துத் தங்கச்சி வீட்டுச் சுவரில், ஒன்று பாலக்கோட்டு மாமா வீட்டு ஆல்பத்தில், மிச்சம் பேரப்பிள்ளைகள் செல்போனில்.

வீட்டில் ஒருவரைப் பொறுப்பாக்கச் சொல்லுங்கள், மருமகனோ பேத்தியோ. நாலு பேர் நாலு திருத்தம் சொன்னால் வேலை முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களிடம் “டாக்குமெண்டா போடுங்க” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போட்டோவாகப் போட்டால் படம் சுருங்கி வரும்.

ஜூலை 5, சனி

இதைத் தொழிலாகச் செய்ய உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) இணையத்தில் இலவசம். ஆதாரும் பான் எண்ணும் போதும். இதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல. சேவைத் தொழிலுக்குப் பொதுவாக ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு.

ஜூலை 9, புதன்

கண்ணாடிச் சட்டம் போட்ட பழைய ஸ்டுடியோ படம்தான் இந்தத் தொழிலின் கடினமான பகுதி. பல வருட ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அட்டையைக் கழற்றி இழுத்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும், கையில் வெள்ளைத்தாள்தான் வரும். இழுக்கவே கூடாது. கண்ணாடியோடு படம் எடுங்கள்.

கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருக்கும். வீட்டாரைக் கேட்டுவிட்டு, ஈரத்துணியைப் பிழிந்து துடைக்கவும். தண்ணீரை நேராகத் தெளித்தால் சட்டத்தின் இடுக்கு வழியே உள்ளே இறங்கும். சட்டத்தைத் தரையில் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரி எல்இடி விளக்கு. கேமராவுக்கு முன்னால் கறுப்புத்துணி, நடுவில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை. இல்லாவிட்டால் எடுப்பவர் சட்டையே படத்தில் தெரியும். செல்போன் என்றால் கிட்டே போகாமல் தள்ளி நின்று 2 மடங்கு ஜூம். கிட்டே போனால் மூக்கு நடுவில் புடைக்கும்.

சட்டமில்லாத போஸ்ட்கார்டு அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) ஸ்கேன் போதும். பாஸ்போர்ட் அளவென்றால் 1200. வாங்கிய படங்களை எண்ணிக் கையெழுத்துப் போட்டு, அதே எண்ணிக்கையில் திருப்பிக் கொடுங்கள்.

ஜூலை 10, வியாழன்

மங்கிய முகத்தை ‘தெளிவாக்கும்’ செயலிகள் இல்லாததை வரைகின்றன. கண்ணைப் பெரிதாக்கி, நிறத்தை வெளுத்து, மூக்குத்தியை அழித்து, நெற்றியில் பச்சை குத்திய புள்ளியைக் கறையென்று துடைத்துவிடும். பாட்டியைத் தூக்கி வளர்த்த பெரியம்மா திரையைப் பார்த்து “இது யாரு?” என்று கேட்டால் அந்த வேலையே வீண். கீறல், செல் (கரையான்) அரித்த ஓரம், பூசணம் இவற்றை மட்டும் கையால் சரிசெய்யுங்கள். முகம் மங்கலாகவே இருக்கட்டும். சாயல் அதில்தான் இருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

பெயர்ப் பலகை, அதாவது வீடியோவில் இறந்தவர் பெயரும் தேதியும் உறவினர் பெயர்களும் வரும் திரை. பெரியவர்களின் ஆதாரில் பிறந்தநாள் பலசமயம் ஜனவரி 1 என்றே இருக்கும். அது பெரும்பாலும் பதிவுக்காகப் போட்டது. உறுதி இல்லையென்றால் ஆண்டு மட்டும் போடவும். உறவினர் பெயர் வரிசையை வீட்டார் கையெழுத்தில் வாங்குங்கள். ஒரு மகள் பெயர் விட்டுப்போனால் பந்தலிலேயே சண்டை வரும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கு, கன்னடத்திலும் பெயர் கேட்பார்கள். அந்த மொழி படிக்கத் தெரிந்தவர் பார்க்காமல் ஏற்ற வேண்டாம்.

எடிட்டிங் மென்பொருள் சிலவற்றில் தமிழின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். பெயரைத் தனியாகப் படமாகச் செய்து சேர்ப்பதே பத்திரம்.

ஜூலை 18, வெள்ளி

சினிமாப் பாட்டு போட்டால் யூடியூபில் பதிப்புரிமைக் கோரிக்கை வரும், சிலசமயம் சத்தமே நின்றுவிடும். தேவாரம், திருவாசகம் யாருக்கும் சொந்தமல்ல. ஆனால் ஒருவர் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு உரிமை உண்டு. உள்ளூர் ஓதுவாரையோ கூத்துக் கலைஞரையோ பாடவைத்துக் கூலி கொடுத்து, எழுத்தில் ஒப்புதல் வாங்குவது நல்லது.

இறந்தவரின் வாட்ஸ்அப் குரல் எங்காவது இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். “சாப்டியா கண்ணு” என்ற இரண்டு நொடி போதும், எந்த இசையும் அதற்கு ஈடில்லை. ஆனால் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் பந்தலில் ஒலிக்கவிடக் கூடாது, தயாரில்லாதவர்கள் இடிந்துபோவார்கள்.

ஜூலை 22, செவ்வாய்

நாளை மறுநாள் ஆடி அமாவாசை, அவசர வேலைகள் வரும். கணக்கு இது: 60 படம், ஒன்றுக்கு 6 நொடி, இடையில் 1 நொடி கரைவு (ஒரு படம் மறைய, அதன்மேலேயே அடுத்தது தெளிவது) என்றால் 301 நொடி, அதாவது ஐந்து நிமிடம். அதற்கு மேல் போனால் பந்தலில் பேச்சு தொடங்கிவிடும். வீடியோ அளவு 1920×1080, நொடிக்கு 25 பிரேம், எச்.264 சுருக்க முறை, நொடிக்கு 10 மெகாபிட் (எம்பிபிஎஸ்). கோப்பு சுமார் 376 எம்பி. அடுத்த தலைமுறைச் சுருக்க முறையான எச்.265 பல பழைய டிவிகளில் ஓடாது. பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருக்கட்டும். சில டிவி ஓரத்தை வெட்டும், அதனால் எழுத்தைச் சுற்றிப் பத்தில் ஒரு பங்கு இடம் விடவும்.

பகல் பந்தலில் புரொஜெக்டர் வெளிறிப்போகும். 43 அங்குல டிவியை வெயிலுக்கு முதுகு காட்டி வைக்கவும். முந்தைய நாள் மாலையே அதே டிவியில், அதே ஸ்பீக்கரில், கடைசிப் பெயர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, இரண்டாவது பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.