25 லிட்டர் கீசரும் நாலரை அங்குலச் சுவரும்

25 லிட்டர் கீசர் என்றால் தண்ணீரே 25 கிலோ. கூடோடு சேர்த்தால் ஒரு 25 கிலோ அரிசி மூட்டையைவிட அதிகம். பைப் பக்கத்தில் இருக்கிறதென்று அதை நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் மாட்டப் பார்த்தார் பிளம்பர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 9 அங்குல வெளிச்சுவர்தான்; பைப் இரண்டடி நீண்டால் நீளட்டும்.

டிரில் போடும்போது கொட்டுகிற தூளைப் பாருங்கள். முதலில் சாம்பல் நிறம், அது பூச்சு. பிறகு சிவப்பு வந்தால் செங்கல். சாம்பலே தொடர்ந்தால் சாந்து இணைப்பில் இறங்குகிறீர்கள், துளையை மாற்றுங்கள். போல்ட் செங்கலுக்குள் பிடிக்கவேண்டும், பூச்சின் கனத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. துளையை ஊதிச் சுத்தம் செய்யவும் வேண்டும்; அதற்கு யாருக்குத்தான் பொறுமை இருக்கிறது! ஆங்கர் போல்ட் துளைக்குள் விரிந்து பிடிப்பது; அதை முரட்டுத்தனமாக முறுக்கினால் செங்கல் உள்ளேயே விரிசல் விட்டுவிடும்.

மாட்டியதும் தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி விட்டு, பூச்சில் விரிசல் இல்லையென்று பார்த்த பிறகே அத்தையைக் குளிக்க விட்டேன்.